தறப்பாளாகத்தான் இருக்கும்

மத்தியானச் சாப்பாட்டு அமளி முடிந்து, அடுப்புகளைத் துடைத்து, ஏப்ரனைக் கழற்றிக் கொழுவிவிட்டால், இரவுச் சமையலுக்கு வெங்காயம் வெட்டத் தொடங்கும்வரை கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் தயாபரனுக்குச் சொந்தம். ஹொட்டேலில் மற்றவர்கள் அந்நேரம் படுத்து எழும்புவார்கள், ஊருக்குப் போன் எடுப்பார்கள், அவன் காரை எடுத்துக்கொண்டு ஒஸ்திரிய மலைக்குள் கிடக்கிற யோடொக் கிராமத்துக்கு மேலே இருக்கிற புல்சரிவுக்கு வந்து, கமராவை முக்காலியில் பூட்டிவிட்டு, இத்தாலிப் பக்கத்திலிருந்து ப்ரென்னர் கணவாயைத் தாண்டி இறங்கும் சரக்கு ரயில்களுக்காக நிற்பான். இந்த இடத்தில் தண்டவாளம் பள்ளத்தாக்கைச் சுற்றி லாடம்போல வளைந்து போவதால் ஒரே ரயிலை இரண்டு தரம் பார்க்கலாம்: முதலில் எதிர்மலையின் உச்சிச் சரிவில், பிறகு சுரங்கத்துக்குள் போய் மறைந்து, கொஞ்ச நேரத்தில் காலடியில், தேவாலயத்துக்குப் பின்பக்கத்தால். கார்கள், இரும்புச் சுருள்கள், கொண்டெய்னர்கள், எஞ்சின் இல்லாத லொறிப் பெட்டிகள், எல்லாம் வடக்கே, இன்ஸ்ப்ருக்குக்கு, அங்கிருந்து ஜேர்மனிக்கு. யூடியூப்பில் அவன் போடும் வீடியோக்களைப் பார்க்கிறவர்கள் கேட்பார்கள், நீங்கள் ஏன் எஞ்சினைக் காட்டுவதே இல்லை, ஏன் எப்போதும் சக்கரங்களையே எடுக்கிறீர்கள் என்று. ரயில் எஞ்சினின் நிறத்துக்கும் நம்பருக்கும் உயிரைவிடுகிற ஆட்கள் அவர்கள். அவன் பதில் எழுதுவதில்லை. என்ன எழுதுவது? கமரா தானாகவே கீழே போகிறது. பெட்டிகளின் மேல்முகத்தை அவனுக்குப் பார்க்கவே தெரியாது. அடிவயிறுதான் தெரியும், லொறியின் பின்சக்கரங்களுக்கும் அதைத் தாங்குகிற ரயில் பெட்டியின் இரும்புத் தொட்டிக்கும் நடுவே இருக்கிற அந்த இருட்டுத்தான் தெரியும், அந்த இருட்டின் அளவு, அதற்குள் ஒரு மனிதன் எப்படி முழங்காலை மடக்கவேண்டும், தலையை எந்தப் பக்கம் சாய்க்கவேண்டும், எல்லாம் தெரியும்.

இன்றைக்கு ஐப்பசிக் குளிர் ஏற்கனவே பல்லுக்குள் இறங்கிவிட்டது. பக்கத்தில் மடக்குக் கதிரையில் அல்ஃபோன்ஸ் இருந்தார், பேக்கரி வைத்திருந்து மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்தவர், அவனைப் போலவே ரயில் பார்க்கிறவர், கமரா இல்லாமல் வெறும் கண்ணால் பார்ப்பவர். "வருகிறது டயா," என்றார். வந்தது. முதலில் சத்தம், இறக்கத்தில் பிரேக் கட்டைகள் சக்கரத்தில் உரசுகிற அந்த நீண்ட கீச்சு. முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தச் சத்தத்துக்கு அவன் உடம்பு பழகவில்லை, பிடரி மயிர் நிமிர்கிறது, விரல்கள் எதையோ இறுக்கிப் பிடிக்கத் தேடுகின்றன, கமராவின் கைபிடி கிடைக்கிறது, போதும். எதிர்மலையில் சிவப்பு எஞ்சின் இரண்டு, பின்னால் லொறிப் பெட்டிகள், வெள்ளை, பச்சை, தக்காளிப் படம் போட்டது ஒன்று. அவன் கமராவைக் கீழே இறக்கினான். சக்கரம், இருட்டு, சக்கரம், இருட்டு, சக்கரம், நீலம். நீலமா? தறப்பாள். லொறிகளை மூடிக்கட்டுகிற அந்த மெழுகுத்துணியில் ஒரு துண்டு பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் காற்று ரயிலின் முகத்திலிருந்து வால்பக்கமாக அடிக்கிறது, எல்லாத் துணிகளும் பின்னுக்கு அடிபட்டுக்கொண்டிருக்கின்றன, இந்தத் துணி மட்டும் முன்னுக்கு இழுபட்டது. ஒருதரம். உள்ளேயிருந்து யாரோ போர்வையை இழுத்துக்கொள்வதுபோல. பிறகு சுரங்கத்தின் வாய் அதை விழுங்கிற்று, அதன் பின்னால் வந்தவையெல்லாம் ஒவ்வொன்றாக விழுங்கப்பட்டன, மலை மூடிக்கொண்டது, கீச்சு மட்டும் கல்லுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. தறப்பாளாகத்தான் இருக்கும்.

தறப்பாளாகத்தான் இருக்கும், எத்தனை தரம் இப்படி நினைத்திருக்கிறாய், பனிக்கட்டி, கயிறு, ஒருமுறை செத்த நரி ஒன்று, ஒவ்வொரு முறையும் நெஞ்சு வாய்க்கு வந்து பிறகு இறங்கிப் போகும், வீட்டுக்குப் போய்க் கொம்பியூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் நரி. இதுவும் நரி. ஆனால் நரி போர்வை இழுக்காது. நேமி இழுப்பான். வெரோனாவில் ரயில்கள் நிறுத்தியிருக்கிற அந்த வெளியில், வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த வாய்க்காலுக்குள் இருட்டும்வரை படுத்திருந்தபோது இருவருக்கும் சேர்த்து ஒரு போர்வைதான், நேமிநாதன் நித்திரையிலும் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தான், "டேய், உனக்கு உடம்பிலை கொழுப்பு இருக்குது, எனக்கு எலும்புதானே" என்று எழும்பி நியாயம் சொன்னான். கரவெட்டிக்கார நேமி. நாய்க்குப் பயந்தவன். ஒரு நாய் குரைத்தால் ஒழுங்கையை மாற்றிப் போகிறவன் இராணுவம், கடல், பொய்ப் பாஸ்போர்ட் எல்லாம் தாண்டி இத்தாலி வரைக்கும் வந்துவிட்டான். கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் சொன்னான், ஆளுக்கொரு லொறிக்குக் கீழே படுங்கள், பெல்ட்டால் உங்களை அச்சோடு கட்டிக்கொள்ளுங்கள், ஒன்றாகப் படுத்தால் இரண்டுபேரும் பிடிபடுவீர்கள் என்று. தயாபரனிடம் மிச்சமிருந்த ஒரு சோடி காலுறையை நேமி வாங்கித் தன் காலுறைக்கு மேல் போட்டுக்கொண்டான். "ஆரேன் ஒருத்தன் பிடிபட்டால் மற்றவனைப் பற்றி மூச்சு விடப்பிடாது, என்ன மச்சான்?" "விடமாட்டன்." "அம்மாவாணை?" "அம்மாவாணை." அவ்வளவுதான் பேச்சு. ப்ரென்னரில் எல்லைப் பொலிசின் நாய் தயாபரனைத்தான் கண்டுபிடித்தது, நேமியை அல்ல. நாய்க்குப் பயந்தவனை நாய் விட்டுவிட்டது என்று அந்த நேரத்தில்கூட அவனுக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வந்தது. இழுத்து இறக்கினார்கள். கால் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. தனியாகவா வந்தாய் என்று ஒருவன் இங்கிலிஷில் கேட்டான். தனிய. வேறு யாரும் இல்லையா? இல்லை. ஒரு அறையில் கொண்டுபோய் இருத்தி, சூடாக ஏதோ தந்தார்கள், கண்ணாடி ஜன்னலால் அவன் பார்த்துக்கொண்டிருக்க அந்த ரயில் புறப்பட்டது, எந்தப் பெட்டிக்குக் கீழே நேமி என்று எண்ணிப் பார்த்தான், எட்டாவதா, ஒன்பதாவதா, எல்லாப் பெட்டிகளும் ஒன்றுபோல, எல்லா இருட்டும் ஒன்றுபோல. ஜேர்மனியில் நேமியின் தமையன் இன்றுவரை காத்திருக்கிறான். பிணமென்று ஒன்று கிடைக்கவில்லை, இந்த மலைகளில் பள்ளமும் ஆறும் எவ்வளவு இருக்கின்றன, மார்கழியில் விழுகிற பனி சித்திரைவரை எதையும் காட்டாது, சித்திரையில் நரிகள் இருக்கின்றன. தாய் மட்டும் தன் பிள்ளை எங்கோ ஒரு சிறையில் மறியலில் இருக்கிறான், விடுவார்கள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாளாம். யாருக்கும் மறைத்த கதை இல்லை இது. கல்யாண வீடு, செத்த வீடு, பிறந்தநாள், எல்லா இடத்திலும் சொல்லியிருக்கிறான், சொல்லிச் சொல்லி அது வழவழத்துவிட்டது, கேட்கிறவர்கள் ஒரே இடத்தில் உச்சுக் கொட்டுகிறார்கள், நீங்கள் குடுத்த வாக்கைக் காப்பாத்தினீங்கள் தானே அண்ணை, அது பெரிய விஷயம் என்கிறார்கள், கறிக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்கிறார்கள். யாராவது ஒருவர் ஏசியிருக்கலாம். ஒருவர்கூட ஏசவில்லை. சில மத்தியானங்களில் அவனுக்குத் தோன்றும், அந்த ரயில் எங்குமே போகவில்லை, இந்த லாட வளைவில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது, மேலே தெரிகிறது, மலைக்குள் போகிறது, கீழே தெரிகிறது, நேமி இரண்டு சோடி காலுறையோடு அச்சைக் கட்டிப்பிடித்தபடி, இவன் எப்போது வாயைத் திறப்பான் என்று பார்த்துக்கொண்டு.

"என்ன, பேயைக் கண்டவன் மாதிரி நிற்கிறாய்?" என்றார் அல்ஃபோன்ஸ். தயாபரன் கமராவின் சின்னத் திரையில் வீடியோவைப் பின்னுக்கு ஓட்டினான். தக்காளிப் பெட்டி. அதற்கு அடுத்தது. நிறுத்தினான். நீலம், மங்கல், ஒரு மடிப்பு. படம் தாண்டிப் போயிற்று, திரும்பக் கொண்டுவந்தான். "இதைப் பாருங்கள். இந்தத் துணி எந்தப் பக்கம் போகிறது?" கிழவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையை மூக்கோடு வைத்துப் பார்த்தார். "தறப்பாள் துண்டு." "முன்னுக்குப் போகிறது." "வளைவில் காற்று எப்படியும் சுழலும்." "சுழலும்தான்." "பொலிசுக்குச் சொன்னால் ரயிலை நிறுத்துவார்கள், பாதை முழுக்க நிற்கும், பின்னால் இத்தாலிவரைக்கும் வரிசை கட்டும். போய்ப் பார்த்தால் துணி." கண்ணாடியைத் திரும்பக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். "ஆள் என்றாலும், டயா, அவர்களைத் திரும்ப இத்தாலிக்கல்லவா அனுப்புவார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டான். மலை முடிந்துவிட்டது. இனி இறக்கம்தானே." அதுதான். அதையேதான் அவனும் நினைத்துக்கொண்டிருந்தான், இறக்கம்தானே, வாலிபப்பிள்ளை என்றால் தாங்கும், கூஃப்ஸ்டைன் தாண்டினால் ஜேர்மனி, தறப்பாளை வேறு சுற்றியிருக்கிறான், நேமியிடம் அது இருக்கவில்லை, போர்வையைக்கூட அவன் வாய்க்காலில் விட்டுவிட்டு வந்தான், நான்தான் விடச் சொன்னேன், சக்கரத்தில் சிக்கும் என்று நான்தான் சொன்னேன், சீ, அதை இப்போது ஏன். கீழே தேவாலயத்துக்குப் பின்னால் கீச்சு கேட்டது. சிவப்பு எஞ்சின்கள் வந்துவிட்டன. அவன் முழு ஸூமில் போனான். இவ்வளவு கிட்டப் போனால் எல்லாம் நடுங்கும், மூச்சுவிட்டாலும் நடுங்கும், மூச்சை நிறுத்தினான். தக்காளி. அடுத்தது. இருட்டு, சக்கரம், நீலம். நீலத்தின் கீழ் ஓரத்தில் வெளிறிய ஒன்று, நீளமாக, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கி. சப்பாத்தின் அடிப்பாகம். அல்லது மரக்கட்டை. மரக்கட்டைகள் இருக்கும், லொறிச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற கட்டைகள், வெள்ளையாகவும் இருக்கும். அந்தக் கட்டை அசைந்ததா? ரயில் அசைந்தால் கட்டையும் அசையும். கிராமத்தின் வீடுகள் குறுக்கே வந்து மறைத்துக்கொண்டன.

அவனுக்குத் தெரியாமலே கை போனை எடுத்திருந்தது, ஆனால் அழைத்தது பொலிசை அல்ல. மனைவி பவளராணி வேலையில் இருந்தாள், முதியோர் இல்லத்தில், பின்னால் ஒரு கிழவி பாடுகிற சத்தம் கேட்டது. "என்னப்பா, இந்த நேரத்திலை?" "ராணி, ஒரு ரெயினுக்குக் கீழை ஆரோ இருக்கினம் போலை கிடக்குது." அவள் ஒரு கணம் பேசவில்லை. இது முதல்தரம் அல்ல என்பது அந்த மௌனத்தில் இருந்தது. நரி, கயிறு, பனிக்கட்டி எல்லாம் இருந்தது, இரவில் எழும்பி அவன் கொம்பியூட்டரின் முன்னால் இருப்பதும், அவள் லைற்றைப் போடாமல் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவதும் இருந்தது. "வடிவாப் பாத்தனீங்களோ?" "சப்பாத்து மாதிரி. சரியாத் தெரியேல்லை." "அப்ப அடியுங்கோ பொலிசுக்கு." "அடிச்சால் பிடிச்சுத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள், ராணி. இவ்வளவு பாடுபட்டு வந்த சனம். ஆரெண்டு தெரியாத ஒராளின்ரை சீவியத்திலை நான் ஏன் கைவைக்க? நான் ஆர்?" "அடிக்காட்டி?" காற்று போனுக்குள் புகுந்து ஊளையிட்டது. "நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காமல் கேளுங்கோ," என்றாள் அவள், அந்த வீட்டில் இத்தனை வருடமாக யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கப் போகிறவளின் குரலில். "அண்டைக்கு நேமி அண்ணையை ஒருத்தன் ரோட்டிலை நிண்டு கண்டு, கண்டிட்டுப் பேசாமல் போனவன் எண்டு உங்களுக்குத் தெரிய வந்தால், நீங்கள் அவனை என்ன செய்வீங்கள்?" பின்னால் கிழவி பாட்டை நிறுத்திவிட்டாள். தயாபரன் போனைக் காதிலிருந்து எடுத்து, அதைப் பார்த்து, பொலிசுக்கு அடித்தான்.

சொன்னான். எந்த ரயில், எந்தப் பக்கம் போகிறது, தக்காளிப் படத்துக்கு அடுத்த பெட்டி, நீலத் தறப்பாள். உங்கள் பெயர்? சொன்னான். எழுத்துக்கூட்டிச் சொன்னான். ஆளைக் கண்டீர்களா? ஆளைக் கண்டேனா. ஆள் என்று எதைச் சொல்வது, ஒரு சப்பாத்தையா, துணி இழுபட்ட விதத்தையா, முப்பது வருடமாக அந்த இருட்டுக்குள் பார்த்துக்கொண்டிருப்பதையா? "கண்டேன்," என்றான். அடுத்து வரும் ஸ்டைனாக் ஸ்டேஷனில் நிறுத்துகிறோம் என்றது குரல். கமராவையும் முக்காலியையும் அப்படியே விட்டுவிட்டுச் சரிவில் ஓடினான், ஐம்பத்தேழு வயது முழங்கால் ஒன்று முனகியது, பின்னால் அல்ஃபோன்ஸ் "நான் பார்த்துக்கொள்கிறேன், போ!" என்று கத்தினார். காரில் போகும்போது வழக்கம்போல எண்ணம் இரண்டாகப் பிரிந்து ஒன்றையொன்று கடித்துக்கொண்டது: துணியாக இருக்கட்டும் கடவுளே, எல்லாரும் சிரிக்கட்டும், அபராதம் போடட்டும், துணியாக இருக்கட்டும், ஆளாக இருக்கட்டும், உயிரோடு இருக்கட்டும், ஒருதரமாவது, ஆளாக இருந்து செத்துப் போயிருந்தால்? அப்போது முகத்தைப் பார்க்கவேண்டும். முகம் எப்படி இருக்கும்? இருபத்திரண்டு வயது, முன்பல் ஒன்று கொஞ்சம் ஏறியது, மூக்கு எப்போதும் ஒழுகிக்கொண்டு. விசர், விசர், ரோட்டைப் பார்த்து ஓட்டு. பாதைக்குப் பக்கத்தில் ஆறு ஓடிவந்தது, அவன் அதைப் பார்க்கவில்லை; இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும் அந்த ஆற்றை அவன் நேரே பார்ப்பதில்லை.

ஸ்டைனாக்கில் ரயில் நின்றுகொண்டிருந்தது. நின்ற ரயில் என்ன பெரிதாக இருக்கிறது, ஓடும்போது தெரிவதில்லை. பொலிசார் நாலைந்து பேர், ஒரு அம்புலன்ஸ், தக்காளிப் பெட்டிக்கு அடுத்ததன் கீழே இருவர் குனிந்து, ஒருவன் அரைவாசி உடம்பை உள்ளே விட்டு, மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டிருந்தான். நீலத் தறப்பாள் முதலில் வந்தது. அதற்குப் பிறகு ஒரு கால், சப்பாத்து ஒன்றுதான், மற்றக் காலில் பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது. பிறகு முழுதும். ஒட்ட வெட்டிய தலைமயிரைப் பார்த்து ஆண் என்று நினைத்தான், பெண். முப்பது வயதிருக்கலாம். எந்த நாடென்று சொல்லமுடியாத, புழுதியும் கிரீசும் அப்பிய, தன்னுடையதைப் போலவே கறுத்த முகம். விரல்கள் இன்னும் எதையோ பிடித்திருப்பதுபோல மடங்கிக் கிடந்தன, அம்புலன்ஸ்காரி ஒவ்வொன்றாக நீவி விரித்தாள். உயிர் இருந்தது. வாயில் ஆவி வந்தது. தயாபரன் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நீங்கள்தான் அழைத்தவரா?" என்று ஒரு பொலிஸ்காரன் வந்தான், மகன் வயதுப் பையன், நல்ல முகம். "நல்ல வேளை. பெல்ட் அறுந்துபோய்த்தான் இருந்தது, கையால் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்." "மற்றப் பெட்டிகளையும் பாருங்கள்." "தனியாகத்தான் வந்தேன் என்று சைகை காட்டுகிறாள்." "அப்படித்தான் காட்டுவாள்," என்றான் தயாபரன், தன் குரல் இவ்வளவு உரக்க வருமென்று அவனுக்கே தெரியாது, "அப்படித்தான் சொல்லுவோம். எல்லாப் பெட்டியையும் பாருங்கள். தயவுசெய்து. கடைசி வரைக்கும்." பையன் அவனை ஒருகணம் பார்த்துவிட்டு, மற்றவர்களைக் கூப்பிட்டான். டோர்ச் லைற்றுகளோடு போனார்கள். ஒவ்வொரு லொறிக்குக் கீழும் வெளிச்சம் குனிந்தது, இருட்டுக்குள் போனது, வெளியே வந்தது, அடுத்ததுக்குப் போனது. அவன் உதடு தன்பாட்டில் எண்ணியது. எட்டாவது. ஒன்பதாவது. இல்லை. அதற்குப் பின்னாலும் இல்லை. வெளிச்சங்கள் சின்னதாகி ரயிலின் வால்வரை போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வந்தன. யாருமில்லை. உண்மையிலேயே தனியாகத்தான் வந்திருக்கிறாள். யாருமில்லை என்று பையன் வந்து சொன்னபோது தயாபரன் தலையாட்டினான், விளங்கியது என்பதுபோல, நன்றி என்பதுபோல, பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தான். இவ்வளவு காலமும் இந்த ஒரு சொல்லை யாராவது வந்து தன்னிடம் சொல்லவேண்டுமென்றுதான் காத்திருந்தானா, தெரியவில்லை. அழுகை வரும் என்று பார்த்தான். வரவில்லை. பசிதான் வந்தது, கேவலமாக, வயிற்றைப் பிடுங்குகிற பசி.

அவளை ஸ்டேஷன் வாங்கில் இருத்திக் குளிருக்கு மினுங்குகிற தாளால் சுற்றியிருந்தார்கள். பெண் பொலிஸ் இங்கிலிஷிலும் இத்தாலியனிலும் ஏதேதோ கேட்டாள், அவள் யாரையும் பார்க்கவில்லை, பல் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு தலையைத் தூக்கி, அத்தனை வெள்ளை முகங்களுக்கு நடுவே கம்பிக்கு அப்பால் நின்ற அவனைக் கண்டாள். கண்டதும் அந்த முகத்தில் ஏதோ இளகியது. மடங்கிய விரலால் வா என்றாள். விடலாமா என்பதுபோலப் பெண் பொலிஸ் பையனைப் பார்க்க, அவன் கம்பியை விலக்கினான். தயாபரன் போய் அவள் முன்னால் குந்தினான். எண்ணெயும் இரும்பும் மூத்திரமும் கலந்த அந்த மணம் வந்தது, அன்றைக்குத் தன்னில் அடித்த மணம், அதில் அவனுக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. அவள் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல, வெடித்த உதட்டால் மெதுவாகக் கேட்டாள்: "ஜேர்மனி?"

அவன் வாயைத் திறந்து மூடினான். அவள் தன் உச்சரிப்புப் பிழை என்று நினைத்தாள் போல, திரும்பத் திருத்திச் சொன்னாள், இந்தமுறை ஒரு சின்னச் சிரிப்போடு. "ஜேர்மனி?" "இல்லையம்மா," என்றான், எந்தப் பாஷையில் சொல்வதென்று தெரியாமல் தமிழிலேயே. "இது ஒஸ்திரியா. ஜேர்மனிக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்குது." ஒஸ்திரியா என்ற சொல் மட்டும் அவளுக்கு விளங்கிற்று. சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, அதை எடுத்து எங்கே வைப்பதென்று தெரியாததுபோல. அந்த நேரத்தில் ரயிலின் பிரேக் காற்றை விட்டுச் சீறியது, இணைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இழுபட்டன, தக்காளிப் படம் நகர்ந்தது. அவள் எழுந்து நின்றாள். மினுங்கல் தாள் சரசரத்துத் தோளிலிருந்து வழுகியது, யாரும் தடுக்கவில்லை. ஓடவில்லை அவள். வடக்கே போகிற ஒவ்வொரு பெட்டியையும், தான் கிடந்த பெட்டியையும், கடைசிப் பெட்டி வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பவில்லை.